பொரசங்காட்டு உக்ரேனியர்கள்

பொரசங்காட்டுச் சென்னியப்பன் நாற்பது வயது கடந்தும் தன்னைக் கம்பு விதைக்கிறவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். தான் ஓர் உக்ரேனியன் என்பது அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல சூரமங்கலத்தில் ஓர் ஆபீஸும், அந்த ஆபீசுக்கு ஒரு டாக்டரும், அந்த டாக்டருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டியிருந்தது. இவர்கள் எல்லாருக்கும் சோறு போட்டது சென்னியப்பன் போன்றவர்கள் கட்டிய கிஸ்தி. ஆகவே இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் அவனுக்கும் பங்கு உண்டு.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். வெண்ணந்தூருக்குத் தெற்கே வெறும் மேட்டுக்காடாகக் கிடந்தது பொரசங்காடு. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் ஊர்க் கிணறு பாறையைக் காட்டிவிட்டது. பாறைக்குக் கீழே தண்ணீர் இருந்தது. காதை வைத்துக் கேட்டால் சத்தம் கேட்கும் என்று ஊரே சத்தியம் செய்தது. உடைக்கிறவர்கள் இருந்தார்கள், கடப்பாரை இருந்தது, அள்ளிப் போடக் கூடை இருந்தது. யாரும் சர்க்காரிடம் காசு கேட்கவில்லை. பாறையில் வெடி வைக்க ஒரு லைசென்சு, அவ்வளவுதான். அந்த நாளில் கதர் கட்டியவன் கையில் தீப்பெட்டி இருந்தாலே சர்க்கார் போலீசை அனுப்பிவிடும். வெடிமருந்து என்றால் கேட்க வேண்டுமா?

சென்னியப்பனின் பெண்சாதி சாலம்மாள் விடியுமுன் எழுந்து வெண்ணந்தூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றுக்குப் போய்வந்தாள். தோட்டக்காரன் ஒரு குடம் தண்ணீரும் இரண்டு குடம் வசவும் கொடுத்தான். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டதில்தான் சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினான்.

"எந்த ஊர்?" என்றார் குமாஸ்தா.

"எங்க ஊரு வந்துங்க, பொரசங்காடுங்க."

தமிழன் வாயைத் திறந்தால் 'வந்து' என்று தொடங்குவது வாசகர்களுக்குத் தெரியும். அவன் எங்கிருந்தும் வந்திருக்க மாட்டான். அடுத்த சொல் வந்து சேருகிற வரைக்கும் நாக்கு உட்கார்ந்திருக்கும் இடம் அது. ஆனால் அன்று காலைதான் குமாஸ்தாவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வேறு இடத்திலிருந்து வந்து குடியேறிய ஜனங்களைப் பற்றிய சகல காரியங்களும் இனிமேல் சூரமங்கலத்தில் புதிதாகத் திறந்திருக்கும் விசேஷ ஆபீசுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று கண்டிருந்தது. தன் மேஜையிலிருந்து ஒரு மனு குறைவதற்கு இப்படி ஒரு வழி கிடைத்ததில் குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"வந்த ஊரா? அப்போ இது வந்து, நம்ம ஆபீஸ் வேலை இல்லையப்பா" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

சூரமங்கலத்து ஆபீஸின் பெயர் 'குடியேறியோர் வம்சாவளியினர் சமூகப் பொருளாதார நிலைமை ஒப்பீட்டு விசேஷ விசாரணை ஆபீஸ்'. பலகை அந்த வீட்டு முகப்புக்குள் அடங்காமல் பக்கத்தில் இருந்த ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் வீட்டுச் சுவரிலும் கொஞ்சம் நீண்டது. அந்தச் சுவரில் 'ஆபீஸ்' என்ற சொல் மட்டும் தொங்கியதால் பாதி ஜனங்கள் மனுவைப் பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவரும் வாங்கிப் பரணில் வைத்துக்கொண்டார். மறுபாதி மனுக்களைவிட அவை பத்திரமாக இருந்தன.

ஆபீஸின் தலைவர் டாக்டர் வீரபாகு. நம் ஜில்லாக்களில் எங்கேயோ பிறந்தவர்தான். கனடா தேசத்துக்குப் போய், அங்கே குடியேறிய சுவிஸ்காரர்களின் பேரப்பிள்ளைகளையும் உக்ரேன்காரர்களின் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு மாடு அதிகம், யாருக்குக் கடன் அதிகம் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். சுவிஸ் வம்சத்தாருக்கு வெண்ணெய், கடிகாரம், கொஞ்சம் குழந்தைகள். உக்ரேன் வம்சத்தாருக்குத் தானியம், நிறையக் குழந்தைகள். இது அவர் முடிவு. திரும்பி வந்த அவரை என்ன செய்வது என்று சர்க்காருக்கு விளங்கவில்லை. சேலம் ஜில்லாவில் சுவிஸ்காரர்களும் உக்ரேன்காரர்களும் இல்லையே என்று யாரோ ஒருவர் கேட்டாராம். "தேடினால் கிடைப்பார்கள்" என்றார் டாக்டர். அச்சாபீஸில் இரண்டு தலைப்புகள் போட்டு ஆயிரக்கணக்கில் காகிதம் அடித்தாகிவிட்டது. மூன்றாவது தலைப்புக்கு இடமில்லை. சேலம் ஜில்லா ஜனங்கள் இந்த இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டியதாயிற்று.

அந்த ஆபீஸில் சாட்சியத்தை மொழிபெயர்த்துத்தான் கேட்பார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியும். ஆனால் தெரியும் என்பதை சர்க்கார் அங்கீகரிக்கவில்லை. அதனால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் குமாரசாமி உட்கார்ந்திருந்தார். ராசிபுரத்துப் பக்கத்துக்காரர். சாட்சி சொன்ன சொல்லை ஒன்று விடாமல், ஒன்று சேர்க்காமல் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. அர்த்தத்தைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

"பேர் என்ன?" என்றார் குமாரசாமி, மனுவோடு வந்து நின்ற சென்னியப்பனிடம்.

"நான் வந்துங்க, சென்னியப்பனுங்க."

குமாரசாமி டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "நான் வந்து சேர்ந்த பிறகு சென்னியப்பன்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். குமாரசாமி இந்தப் பக்கம் திரும்பி, "தாங்கள் வந்து சேருமுன் தங்கள் நாமதேயம் யாதென்று துரையவர்கள் வினவுகிறார்கள்" என்றார்.

சென்னியப்பன் விழித்தான். "வர்றதுக்கு முந்தியா? ஊட்ல இருக்கறப்பவும் அதே பேருதானுங்க."

"வேண்டியது என்ன?"

"எங்க கெணறு வந்துங்க, வத்திப் போச்சுங்க. மாடு வந்துங்க, ரெண்டும் எலும்பும் தோலுமா நிக்குதுங்க. பாறையில ஒரு வெடி வெச்சா..."

"இவர்களுடைய கிணறும் வந்தது, வந்தபின் வற்றியது. மாடுகளும் வந்தவையே" என்றார் குமாரசாமி.

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கிணற்றோடு குடிபெயர்ந்த ஜனங்களைக் கனடாவில்கூட அவர் கண்டதில்லை. என்ன விதைக்கிறாய் என்று கேட்டார். கம்பு என்றான். குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். ஐந்து என்றான். கடிகாரம் உண்டா என்று கேட்டார். எதற்குங்க என்றான். டாக்டர் கண்களை மூடிக்கொண்டு பரம திருப்தியோடு, "உக்ரேன்" என்றார்.

"உக்கிரமா?" சென்னியப்பன் பதறிப்போனான். "ஐயோ, இல்லீங்க சாமி. நான் ஒருத்தர் வம்புக்கும் போறவன் இல்லீங்க. எங்கூட்டுக்காரி வேணும்னா ரெண்டு சொல்லுச் சொல்லுவா. நான் சாதுங்க."

எழுதியது எழுதியதுதான். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடிந்ததும் உத்தரவாகும் என்றார்கள். சென்னியப்பன் கும்பிட்டு, "அப்ப நான் வாரேனுங்க" என்றான்.

"வருகிறேன் என்கிறார்" என்றார் குமாரசாமி.

"இன்னமுமா வந்துகொண்டிருக்கிறார்கள்?" என்று டாக்டர் வியந்து அதையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஆபீஸ் மூடியதும் குமாரசாமி டாக்டரைப் பார்த்து, "அப்போ நான் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் டாக்டர் மோட்டாரில் பொரசங்காட்டுக்கு எழுந்தருளினார். பின்னால் ஒரு வண்டியில் மேஜை நாற்காலியும் ஒரு கூஜா நிறையத் தண்ணீரும் வந்தன. உக்ரேன்காரன் கிடைத்துவிட்டான், பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சுவிஸ்காரன் வேண்டும். கிணற்றுக்கு எதிர்வீட்டு ஷஃபியுல்லா தானாகவே வந்து அகப்பட்டுக்கொண்டான். சந்தை சந்தையாகப் போய் வெண்ணெய் வாங்கி, உருக்கி, நெய்யாக விற்கிறவன். குழந்தை ஒன்றே ஒன்று. இது போதாதென்று அவன் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் வேறு மாட்டியிருந்தது. டாக்டர் அதன் முன்னால் சாமி சந்நிதியில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"அது ஓடாதுங்க" என்றான் ஷஃபியுல்லா. "நிக்காவுக்கு மாமனார் குடுத்தாரு. அன்னிக்கே நின்னு போச்சு. சொவரு மொட்டையாத் தெரியுமேன்னு எங்கூட்டுல மாட்டி வெச்சிருக்குது."

"சுவிஸ்" என்றார் டாக்டர்.

ஷஃபியுல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் அந்தப் பக்கம் போனதும் சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏனுங்கண்ணா, என்னையச் சுவிசேஷக்காரன்னு எழுதிப்போட்டாரா? தொழுகைக்குப் போனா எங்காளுக என்னையச் சேத்துவாங்களா?"

"உட்டுத் தள்ளுங்க பாய். என்னைய உக்கிரம்னு எழுதியிருக்குது. நான் என்ன பண்ண?"

அடுத்து டாக்டர் இரண்டு பேரையும் நிறுத்தி எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். இருவரும் ஒரே கிணற்றைக் காட்டினார்கள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வம்சாவளியினரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தால் நிலைமை கலந்துபோய் ஒப்பீடே கெட்டுவிடும், யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும் என்றார்.

"நிறுத்தறதுக்குத் தண்ணி வேணுமில்லீங்க" என்றான் ஷஃபியுல்லா. "இல்லாத தண்ணியத்தான் ரெண்டு பேரும் சரிசமமா எடுத்துக்கறோம்."

இதற்குள் வந்திருக்கிறவர் டாக்டர் என்று கேள்விப்பட்டு சாலம்மாள் கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அது ஏரிக் குழியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாலு நாளாக வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது.

"சாமி, இதுக்கு ஒரு மருந்து குடுங்க சாமி."

குமாரசாமி குறுக்கே வந்து, "அம்மணி, துரையவர்கள் அந்த வகை டாக்டர் அல்லர்" என்றார்.

"பின்ன எந்தச் சீக்குக்கு டாக்டருங்க?"

இந்தக் கேள்வி மொழிபெயர்க்கப்படவில்லை. டாக்டர் குழந்தையை ஒருமுறை பார்த்து, உக்ரேன் பகுதியில் குழந்தைகள் மெலிவு என்று குறித்துக்கொண்டார். வெயில் ஏறிவிட்டது. கூஜாவைத் திறந்து இரண்டு தம்ளர் குடித்தார். சாலம்மாள் அந்தக் கூஜாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சம் இருந்ததை டாக்டரின் டவாலிச் சேவகன் மோட்டாரின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றினான்.

அந்த வருஷக் கடைசியில் சேலத்தில் ஒப்பீட்டு விழா நடந்தது. இரு வம்சாவளியினரின் உயிருள்ள மாதிரிகளாக ஷஃபியுல்லாவும் சென்னியப்பனும் வரவழைக்கப்பட்டு, மேடையில் இரண்டு பெஞ்சுகளில் தனித்தனியே உட்காரவைக்கப்பட்டார்கள். மார்பில் அட்டை குத்தியிருந்தது. லைசென்சு கிடைத்துவிடும், பேசாமல் இருங்கள் என்று குமாரசாமி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் அட்டைக்கும் ஒத்துக்கொண்டார்கள். டாக்டர் இங்கிலீஷில் பேச, குமாரசாமி தமிழ்ப்படுத்தினார்.

"மகா ஜனங்களே! இந்த இரண்டு வம்சாவளியினரையும் நாம் எல்லாக் கோணத்திலும் ஒப்பிட்டுவிட்டோம். சுவிஸ்காரர் நெய் விற்கிறார், ஆனால் சாப்பிடுவதில்லை. உக்ரேனியர் தானியம் விளைவிக்கிறார், ஆனால் சாப்பிடுவதில்லை. தாகத்தில் இருவருக்கும் இடையே எந்த வித்தியாசமும் இதுவரை புலப்படவில்லை. இது எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். வித்தியாசம் புலப்படும் வரையில் காத்திருக்கச் சித்தமாக இருக்கிறோம்."

கைதட்டினார்கள். டாக்டர் ஒரு வாய் சோடா குடித்துக்கொண்டார்.

"சில பாமரர்கள் கிணற்றுக்கு வெடி வைக்க அனுமதித்தால் என்ன என்று கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: கிணற்றில் தண்ணீர் வந்தால் என்ன ஆகும்? இவர்கள் நிலைமை மாறிவிடும். நிலைமை மாறிவிட்டால் நாங்கள் இத்தனை காலம் விசாரித்தது எந்த நிலைமையை? கனடாவில் நான் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உக்ரேனியர் சிலர் எனக்குத் தெரியாமல் பணக்காரராகிவிட்டார்கள். ஒரு முழு அத்தியாயம் பாழாயிற்று. அந்தத் தவறு சேலம் ஜில்லாவில் நடக்க விடமாட்டேன். இவர்களுடைய வறுமையை, விசாரணை முடிகிற வரைக்கும், ஒரு குந்துமணி குறையாமல் காப்பாற்றுவது இந்த ஆபீஸின் கடமை!"

இந்த முறை இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பிரமுகர் ஒருவருக்குக் கண்ணில் நீர் ததும்பிற்று. அந்த ஜில்லாவில் அன்று தாராளமாகக் கிடைத்த நீர் அதுதான்.

சென்னியப்பன் பொறுக்க முடியாமல் எழுந்தான். "எசமானுங்க, எங்க வெசாரணை வந்துங்க, எப்ப முடியுமுங்க?"

"விசாரணை வந்துவிட்டது, எப்போது முடியும் என்கிறார்" என்றார் குமாரசாமி.

"வந்துவிட்டதா? நல்ல செய்தி" என்று டாக்டர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்து உட்காரவைத்தார்.

ஊருக்குத் திரும்பியபோது ஒரு மாடு படுத்துவிட்டிருந்தது. தோட்டக்காரன் தோட்டத்துப் படலைச் சாத்திக் கட்டிவிட்டான். அவன் கிணறும் அடிமண்ணைத் தொட்டுவிட்டது, அவனைச் சொல்லியும் குற்றமில்லை. குழந்தை எப்படியோ பிழைத்து எழுந்தது. ஆனால் தொட்டால் ஒட்டிக்கொள்கிற அளவுக்குத்தான் சதை இருந்தது. சாலம்மாள் வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னாச்சுங்க மாமா? லைசென்சு?"

"நம்ம நெலம மாறக் கூடாதாம் சாலா. மாறுனா அவரு எழுதுனது கெட்டுப்போகுமாம்."

அவள் அடுப்படியில் கிடந்த பாத்திரங்களை ஒரு துணியில் போட்டுக் கட்டினாள். பிறகு, "மேட்டூர்ல அணைக்கட்டு வேலைக்கு ஆளெடுக்கறாங்களாமா. கல்லுத் தூக்குனாலும் குடிக்கத் தண்ணியாவது இருக்கும். இன்னொருக்கா இந்தப் புள்ளைக்குச் சீக்கு வந்தா நான் தாங்க மாட்டனுங்க. கெளம்புங்க" என்றாள். சங்ககிரியில் மச்சான் கடையோடு போய்ச் சேர்ந்துகொள்வதென்று ஷஃபியுல்லாவும் தீர்மானித்தான். ஒவ்வொரு வீடாக ஊர் கட்டுச்சோறு கட்டியது.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் பொரசங்காட்டு எல்லையில், புளியமரத்தடியில், ஒரு வருகைப் பதிவுச் சாவடி போட்டது. ஜனங்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று டாக்டர் முன்பே குறித்து வைத்திருந்தார் அல்லவா? மேஜை போட்டுக் குமாரசாமியே உட்கார்ந்திருந்தார். அந்த வழியே போகிற ஒவ்வொருவரும் நின்று, தாம் செய்வது என்ன என்று சொந்த வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

முதலில் ஷஃபியுல்லா வந்தான். தலையில் நெய்ச் சட்டி, அக்குளில் ஓடாத கடிகாரம். பெண்சாதி அஜீஸா பின்னால் குழந்தையோடு வந்தாள். "வாரேனுங்க" என்றான். குமாரசாமி 'வருகை' என்று எழுதினார்.

பிறகு சென்னியப்பன் குடும்பம். பிள்ளைகள் தலையில் ஆளுக்கொரு மூட்டை. மிச்சமிருந்த ஒற்றை மாட்டைக் கயிற்றில் பிடித்திருந்தான். குமாரசாமி பேனாவை மையில் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தார். சென்னியப்பனுக்கு அந்த ஆளைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நம் பக்கத்தில் ஓர் இடத்தை விட்டுக் கிளம்புகிறவன் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டான். அந்தச் சொல் பாடையில் போகிறவனுக்கு உரியது. எவ்வளவு ஆத்திரத்திலும் நாக்கு அதைச் சொல்லக் கூசும்.

"வாரேனுங்க" என்றான் சென்னியப்பன்.

"வருகை" என்று எழுதினார் குமாரசாமி. "அம்மணி?"

சாலம்மாள் இடுப்பில் இருந்த குழந்தையை ஏற்றி வைத்துக்கொண்டாள். திரும்பி ஒருமுறை ஊரைப் பார்த்தாள். கிணற்று மேட்டைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"போறோம்."

"ஏ சாலா!" சென்னியப்பன் அவள் வாயைப் பொத்தப் போனான். "என்ன பேச்சுப் பேசற? அச்சானியமா!"

"போறோம்னுதான் சொல்றேன். நல்லா எழுதிக்கட்டும். போறோம். வர மாட்டோம்." சொன்னவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். புளியமரத்துக்கு அப்பால் போனபிறகுதான் அழுதாள்.

அந்த மாதக் கடைசியில் பொரசங்காட்டில் ஓர் ஈ காக்கை இல்லை. டாக்டர் வீரபாகுவின் அறிக்கை பளபளப்பான காகிதத்தில் அச்சாகி வெளிவந்தது. பொரசங்காட்டைப் பற்றி அதில் இப்படிக் கண்டிருந்தது: 'ஒரே மாதத்தில் ஊரின் மொத்த ஜனத்தொகைக்குச் சமமான ஜனங்கள் இங்கே புதிதாக வந்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஊரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஆகவே தண்ணீர் இருக்கிறது. வெடிமருந்து லைசென்சு கேட்டு ஓர் உக்ரேனியர் கொடுத்த மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

அதற்குக் கீழே, பொடி எழுத்தில், மொழிபெயர்ப்பாளர் குமாரசாமியின் குறிப்பு ஒன்றும் இருந்தது:

'வந்தவர்களில் ஒரு பெண்மணி மட்டும் "போறோம்" என்று சொன்னாள். ஊரை விட்டுப் புறப்படுகிற எவரும் "வாரேன்" என்றுதான் சொல்வார்களே தவிர "போறேன்" என்று சொல்லும் வழக்கம் இந்நாட்டில் இல்லை என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆகவே அவள் நம் பாஷை பழகாத அந்நிய தேசத்தாள் என்பதில் ஐயமில்லை. நமது விசாரணையில் அகப்பட்ட முதல் அசல் உக்ரேனியப் பெண் இவளே.'